சேற்றில் கிடந்த தண்ணீர்ப் பம்ப்: திருத்துவதா, விடுவதா?

மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தொழிற்கருவிப் பாடம்

நலன்புரி நிலையத்திலிருந்து வீடு திரும்பியதும் கூரை, கதவு, கிணறு, பீலி என்று பார்க்க வேண்டியவை பல இருக்கும். தோட்ட வேலையோடு மரக்கறியும் செய்யும் குடும்பமாக இருந்தால் இன்னொன்றையும் தேடுவீர்கள். அது ஓடைக்கரையிலோ கொட்டிலிலோ விட்டுவிட்டு ஓடிவந்த தண்ணீர்ப் பம்ப்.

கிடைக்கும்போது அது பெரும்பாலும் உடைந்திருக்காது. மேல்மூடி நசுங்கியிருக்கும், இழுக்கும் கயிறு அறுந்திருக்கும், உள்ளே சேறு போயிருக்கும். பார்த்தால் "சின்னச் சேதம்தான்" என்று தோன்றும். இந்தச் சின்னச் சேதத்துக்குக் கையிலுள்ள பணத்தைச் செலவழிப்பதா, வேறு பம்ப் தேடுவதா, இப்போதைக்கு அப்படியே வைப்பதா என்று முடிவுசெய்ய இந்தப் பாடம் உதவும்.

பாடம் முழுவதற்கும் அடிப்படை இதுதான்: கழுவி உலர்த்தி ஒயில் விடும் வேலையை இன்றே செய்யுங்கள். பணம் செலவாகும் வேலையை யோசித்துச் செய்யுங்கள். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். பணம் இல்லை என்பதற்காகக் கழுவாமல் வைத்தால் சின்னச் சேதம் பெரிதாகிவிடும். கழுவிய சூட்டோடு கராஜுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், தேவையில்லாத செலவும் வரலாம்.

ஏன் இது முக்கியம்?

ஊவாவில் பெரிய மழை அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும். மண்சரிவும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வருகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனது 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலையில். டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது 2025 நவம்பர் இறுதியில்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை நிலைமை வேறு. காற்று வீசும், மண் காயும். வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பக்கங்களில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா, கரட் போடுபவர்களுக்கு அப்போது பம்ப் இல்லாவிட்டால் பயிர் இல்லை. ஆகவே அனர்த்தத்துக்கும் பம்ப் தேவைப்படும் நாளுக்கும் இடையில் உங்களுக்குச் சில மாதங்கள் கிடைக்கின்றன. யோசிக்க அது போதும். ஆனால் நனைந்த எஞ்சின் அத்தனை மாதம் தாங்காது.

காத்திருப்பு இன்னும் நீளவும் கூடும். மீரியபெத்தையில் வீடிழந்த குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல்தான். தகரத்துக்குக் கீழே ஈரத்தோடு கிடக்கும் எஞ்சின் இரண்டு வருடத்தில் இரும்புக் கட்டியாகிவிடும். ஒயில் விட்டு உலர்ந்த இடத்தில் வைத்த எஞ்சின் அப்படியே இருக்கும்.

முதலில் இடம், பிறகு பம்ப்

பம்பை எடுப்பதற்காக ஆபத்தான சரிவுக்குப் போகாதீர்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரெனக் கலங்கிய ஊற்று, புதிதாக நீர் கசியும் இடம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். மழை பெய்யும்போது போக வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை உங்கள் பிரதேசத்துக்கு இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இடம் பாதுகாப்பானது என்றால், பம்பை எடுக்கும் நாளைத் தெரிந்தெடுங்கள். கடற்கரையில் படகு எஞ்சின் வைத்திருப்பவர்களின் வழக்கம் இங்கே உதவும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிழக்குக் கரையோரத்தில் எத்தனையோ படகு எஞ்சின்கள் கடல்நீரில் கிடந்தன. கடலில் விழுந்த எஞ்சினை எடுத்தால் உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், சில மணி நேரத்துக்குள் ஒயில் விட்டு ஓடவைக்க வேண்டும். அது முடியாவிட்டால், மெக்கானிக் வரும்வரை நல்ல தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி வைக்க வேண்டும். ஈரமும் காற்றும் சேரும்போதுதான் துரு வேகமாகப் பிடிக்கும் என்பதே காரணம்.

உங்கள் பம்பில் கடல் உப்பு இல்லை. அது நல்ல விடயம். ஆனால் மலைச்சரிவு மண்ணில் மணல் கலந்திருக்கும். அது எஞ்சினுக்குள் அரத்தாள்போல் உரசும். எனவே கழுவி முடிக்க அரை நாளாவது கையில் இருக்கும் நாளில் எடுங்கள். மாலையில் தோண்டி எடுத்துத் திண்ணையில் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று விடாதீர்கள்.

கழுவுவதற்கு முன் பம்ப் கிடந்த நிலையையும் எஞ்சினில் பதித்துள்ள இலக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுங்கள். சேத விபரம் பதியும்போது கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ காட்ட அது தேவைப்படலாம். பதியும் முன் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள்.

கயிற்றை இழுக்காதீர்கள்

பம்பைக் கண்டதும் எல்லோரும் முதலில் செய்வது, ஓடுகிறதா என்று கயிற்றை இழுத்துப் பார்ப்பது. சின்னச் சேதத்தைப் பெரிய சேதமாக்குவதும் அதுதான். எஞ்சின் வேலை செய்வது உள்ளே போகும் காற்றை அமுக்கி. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பலமாக இழுத்தால் பிஸ்டன் தண்ணீரில் முட்டும், கயிற்றுப் பொறி உடையும், உள்ளே தண்டு வளையவும் கூடும். தண்ணீர் இல்லாமல் மணல் மட்டும் இருந்தால் சிலிண்டர் சுவர் கீறிப்போகும்.

இன்றே செய்யும் வேலை: எட்டுப் படிகள்

பெற்றோலில் ஓடும் சிறிய பம்புக்கும், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பம்புக்கும் இந்தப் படிகள் பொருந்தும். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

1. சுவிட்சை மூடி, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். தாங்கியிலுள்ள எண்ணெயை முழுவதும் ஒரு கேனில் வடித்துவிடுங்கள். தண்ணீர் கலந்த பெற்றோலை மீண்டும் பாவிக்க வேண்டாம்.

2. வெளிச்சேற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காற்று வடிகட்டி, புகைக்குழாய், எண்ணெய் மூடி ஆகியவற்றின் வாய்களில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்.

3. எஞ்சின் ஒயிலை வடித்துப் பாருங்கள். பால் ஊற்றிய தேநீரைப்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஒரு துளியை இரு விரலுக்கிடையில் தேயுங்கள். நறநறவென்றால் மணலும் போயிருக்கிறது. இந்த இரண்டையும் எழுதி வையுங்கள்.

4. பிளக்கைக் கழற்றுங்கள். முகத்தை ஓட்டைக்கு நேரே வைக்காமல், கயிற்றை மெதுவாக இழுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே பீய்ச்சும். தண்ணீர் வருவது நிற்கும்வரை செய்யுங்கள். ஒயில் நறநறவென்றிருந்தால் இழுக்கவே வேண்டாம். பம்பைச் சரித்து, ஓட்டை வழியாக வடிந்ததை வடியவிட்டு, மீதியை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

5. கயிறு அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள். பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஒயில் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் மெதுவாகப் பாருங்கள்.

6. சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி புதிய எஞ்சின் ஒயில் விடுங்கள். கயிறு அசையுமானால் மெதுவாக மூன்று நான்கு தரம் இழுத்து உள்ளே பரவவிடுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள்.

7. வடிகட்டி ஸ்பொஞ்சாக இருந்தால் சவர்க்காரத்தில் கழுவிப் பிழிந்து காயவையுங்கள். கடதாசியாக இருந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள வடிப்பு ஆணியைத் திறந்து அழுக்குத் தண்ணீரை விடுங்கள்.

8. எஞ்சினுக்குப் புதிய ஒயில் ஊற்றுங்கள். சிறிய பம்புகளுக்குப் பெரும்பாலும் அரை லீற்றருக்குச் சற்று அதிகம் போதும். பம்பின் அடியிலுள்ள ஆணியைத் திறந்து சேற்றை வெளியேற்றுங்கள். பிறகு தரையிலிருந்து உயர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

வடித்த ஒயிலையும் பெற்றோலையும் ஓடையிலோ பீலிக்கு மேலேயோ ஊற்றாதீர்கள். கீழ் லயன் ஆட்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சேற்றில் மலக்குழிக் கழிவும் கலந்திருக்கலாம். கையில் காயமிருந்தால் மூடிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மின்சாரத்தில் ஓடும் மோட்டாராக இருந்தால் வேறு விதி. வெளியே உலர்ந்தது போலத் தெரிந்தாலும் மின்சாரம் கொடுக்காதீர்கள். கம்பிச்சுருள் சுற்றித்தரும் கடையில் உலர்த்திச் சோதித்த பின்பே பாவிக்க வேண்டும்.

சேதத்தை மூன்றாகப் பிரியுங்கள்

கழுவிய பிறகு எது சேதம், எது வெறும் அழுக்கு என்பது தெரியும். கண்டதை மூன்று வரிசையாக எழுதுங்கள்.

*நீங்களே செய்யக்கூடியவை:* அறுந்த கயிறு, கிழிந்த குழாய், தளர்ந்த கிளிப், அடைத்த வடிகூடை, பழுதான பிளக், வடிகட்டி, நசுங்கிய மேல்மூடி, வளைந்த சட்டம். நசுங்கல் பார்க்க அசிங்கமாக இருக்கும். விசிறியில் உரசாவிட்டால் விட்டுவிடுங்கள். அழகுக்குச் செலவழிக்கும் காலம் இதுவல்ல.

*மெக்கானிக் செய்ய வேண்டியவை:* காபரேட்டர் உட்பாகம், கயிற்றுப் பொறியின் ஸ்பிரிங், பொறி கொடுக்கும் கொயில், ஒயில் சீல், தண்ணீர் சீல், உள்ளே போன மணலைக் கழுவுதல். எஞ்சினும் பம்பும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் தண்ணீர் சீல் போய்விட்டது. இதுவும் பார்வைக்குச் சின்னது. ஆனால் அந்தச் சொட்டு எஞ்சின் பக்கம் புகுந்தால் பேரிங் கெடும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

*விட்டுவிட யோசிக்க வேண்டியவை:* எஞ்சின் உடம்பில் வெடிப்பு, வளைந்த தண்டு, துருவால் இறுகிய சிலிண்டர், உதிரிப்பாகம் கிடைக்காத பெயரில்லாத எஞ்சின். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் போன பம்பையும் இந்த வரிசையில் வைத்துச் சந்தேகத்தோடு பாருங்கள். நின்றிருந்தபோது மூழ்கியதைவிட அதற்குள் அதிக சேதம் இருக்கும்.

கயிறு அசையும் பம்புக்கு ஓர் எளிய சோதனை உண்டு. பிளக்கை மாட்டி, சுவிட்சை மூடியபடி கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கை இறுகி எதிர்ப்புத் தெரிந்தால் அமுக்கம் இருக்கிறது, எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது. எங்கும் எதிர்ப்பே இல்லாமல் வந்தால் வால்வோ வளையமோ கெட்டிருக்கலாம்.

பம்ப் பழுதா, தண்ணீர் கீழே போய்விட்டதா?

எஞ்சின் ஓடியும் தண்ணீர் வராவிட்டால், திருத்தப் பணம் கொடுக்கும் முன் ஓடையைப் பாருங்கள். வெள்ளம் ஓடையின் அடியை அறுத்துக்கொண்டு போயிருந்தால், முன்பு பம்ப் வைத்த இடத்திலிருந்து தண்ணீர் இப்போது ஆழத்தில் இருக்கும்.

பம்ப் தண்ணீரை உறிஞ்சும் உயரத்துக்கு எல்லை உண்டு. கடல் மட்டத்தில் நல்ல பம்ப் 7 மீற்றர் வரை உறிஞ்சும். மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறைவதால் இதுவும் குறையும். ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரமுள்ள ஹப்புத்தளையில் ஒன்றரை மீற்றர் அளவு குறைந்துவிடும். எஞ்சினின் பலமும் அங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். 700 மீற்றருக்கும் குறைந்த பதுளை நகர்ப்பக்கத்தில் நன்றாக ஓடிய பம்ப் மேலே சோர்ந்து ஓடினால் அது பழுதல்ல.

எனவே பம்பைத் தண்ணீருக்கு மேலே 5 மீற்றருக்குள் வையுங்கள். உறிஞ்சும் குழாயில் காற்றுப் புகும் ஓட்டை இருக்கிறதா, அடிவால்வில் கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடவைக்கும் முன் பம்புக்குள் தண்ணீர் நிரப்புங்கள். வெறும் பம்பை ஓட்டினால் சீல் சில நிமிடத்தில் எரிந்துவிடும்.

கணக்குப் போடுங்கள்

இப்போது தாளும் பேனாவும் எடுங்கள். மூன்று தொகைகள் வேண்டும்.

முதலாவது, திருத்தும் முழுச்செலவு. உதிரிப்பாகம், கூலி, ஒயில், பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போய்வரும் ஓட்டோக் கூலி எல்லாம் சேர வேண்டும். இரண்டாவது, அதே அளவான, ஓடும் நிலையிலுள்ள பழைய பம்பின் விலை. புதிய பம்பின் விலையோடு ஒப்பிட்டால் எந்தத் திருத்தமும் மலிவாகத் தோன்றும். மூன்றாவது, இந்தப் போகத்துக்கு வாடகைப் பம்ப் எடுத்தால் ஆகும் செலவு.

பொதுவான கைவிதி இது: முதலாவது தொகை இரண்டாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் திருத்தலாம், பாதியைத் தாண்டினால் நிறுத்தி யோசிக்க வேண்டும். திருத்திய பழைய எஞ்சின் மறுபடி நின்றால் அந்தச் செலவும் உங்களுடையதே.

கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைக் கேட்டு நிரப்புங்கள். தண்ணீர் சீல், பிளக், வடிகட்டி, ஒயில் எல்லாம் 6,500 ரூபா, கூலி 5,000, ஓட்டோ 1,500. மொத்தம் 13,000 ரூபா. ஓடும் பழைய பம்ப் 38,000 ரூபா. பாதி 19,000. திருத்துவது சரி.

அதே பம்பில் தண்டும் வளைந்திருந்தால் செலவு 25,000 ஆகலாம். அது பாதியைத் தாண்டுகிறது. அதைவிடத் தாங்கி, காபரேட்டர், பம்பின் பக்கம் ஆகியவற்றைப் பிரித்து விற்று, அந்தப் பணத்தை இன்னொரு பம்பில் போடலாம்.

இன்னொரு நிலையும் உண்டு. வெள்ளம் வயலில் பாதியை மூடிவிட்டது, இந்தப் போகத்தில் 6 நாள் மட்டும் தண்ணீர் பாய்ச்சினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1,500 ரூபா வாடகை என்றால் 9,000 ரூபா. எஞ்சினை ஒயில் விட்டு வைத்திருந்தால், திருத்தும் 13,000 ரூபாவை அடுத்த போகத்துக்குத் தள்ளிவைக்கலாம். அருகிலுள்ள இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு பம்பைத் திருத்தி முறைவைத்துப் பாவிப்பதும் நல்ல வழி. யார் எண்ணெய் ஊற்றுவது, பழுதானால் யார் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நிலம் பாவிக்கத் தகுந்ததா என்ற முடிவு இன்னும் வராதவர்கள் பணத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. பயிர் செய்யும் இடமே மாறினால் இந்தப் பம்ப் அங்கே தேவைப்படாமல் போகலாம். திருத்துவதற்காக வட்டிக்குப் பணமோ நகை அடகோ வைக்கும் முன், குடும்பத்தில் கணக்கு வைத்திருக்கும் அம்மாவோ அக்காவோ யாராயினும் அவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

அனர்த்தத்துக்குப் பிறகு கராஜ்களில் கூட்டம் அதிகம். பம்பை இறக்கிவிட்டு வந்துவிடாமல் தெளிவாகப் பேசுங்கள்: "அண்ணே, இது இத்தனை நாள் சேற்றில் கிடந்தது. ஒயில் மாற்றியிருக்கிறேன். திறந்து பார்த்து எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். நான் சரி சொன்ன பிறகு வேலையைத் தொடங்குங்கள்." பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பி வாங்குங்கள். பற்றுச்சீட்டும் வாங்கி வையுங்கள்.

முதல் ஓட்டம்

திருத்தி முடிந்ததும் பம்பில் தண்ணீர் நிரப்பி, வெளியே வைத்து, 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். லயன் அறைக்குள்ளோ மூடிய கொட்டிலிலோ ஒருபோதும் ஓடவைக்காதீர்கள். எஞ்சின் புகையில் மணமில்லாத நச்சுவாயு உண்டு. தூங்குபவர் எழும்பாமலே போய்விடுவார்.

நிறுத்திய பின் ஒயிலைப் பாருங்கள். மறுபடி வெளுத்திருந்தால் சூட்டோடு வடித்துப் புதிது ஊற்றுங்கள். இரண்டு மூன்று தரம் மாற்ற வேண்டி வரலாம். ஒயிலில் கஞ்சத்தனம் பார்த்தால் எஞ்சின் போய்விடும். உலோகம் தட்டுவது போன்ற சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். சூடான எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குடும்பமாகப் பேசிப் பதில் எழுதுங்கள்

1. பம்ப் எத்தனை நாள் நீரில் அல்லது சேற்றில் கிடந்தது? மூழ்கும்போது ஓடிக்கொண்டிருந்ததா?
2. எட்டுப் படிகளும் முடிந்தனவா? எந்தத் திகதியில்?
3. ஒயில் வெளுத்திருந்ததா? மணல் இருந்ததா?
4. பயிர் செய்யும் நிலத்துக்கு அனுமதி இருக்கிறதா? தண்ணீர் இப்போது எத்தனை மீற்றர் கீழே?
5. திருத்தும் செலவு, ஓடும் பழைய பம்பின் விலை, வாடகை: மூன்று தொகைகளும் எவ்வளவு?
6. பம்ப் உண்மையில் எந்த மாதம் தேவை?

இந்த ஆறுக்கும் பதில் எழுதிவிட்டால், திருத்துவதா விடுவதா என்பதை வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. இரண்டாவது கேள்விக்கு "இன்னும் இல்லை" என்பது பதிலானால், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு வாளி தண்ணீரும் அரை லீற்றர் ஒயிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.